இங்கிலாந்தின் ஊர்த்திடல் எவ்வளவு பழையது? – கேள்வி பதில்

கேள்வி: தேவாலயம், நடுவில் திடல், சுற்றிலும் வீடுகள். 5ஆம் நூற்றாண்டில் கடல்கடந்து வந்த ஆங்கிலோ-சாக்சன்கள் குடியேறிய நாளிலிருந்தே இந்த அமைப்புதானா?

பதில்: இல்லை. 5 முதல் 7ஆம் நூற்றாண்டுவரை ஊருக்கு நடு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. சஃபோக்கின் வெஸ்ட் ஸ்டோவில் 1965–72இல் அகழ்ந்தபோது, சில மரக்கூடங்களும் அவற்றைச் சுற்றிக் குழிவீடுகளும் (தரையில் குழி தோண்டி அதன்மேல் எழுப்பிய குடில்கள்) மட்டுமே வெளிப்பட்டன. மரம் மக்கினால் பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்; இப்படியே ஊரும் நகர்ந்தது. வீடுகள் நெருங்கி ஓரிடத்தில் நிலைத்தது பெரும்பாலும் 9–12ஆம் நூற்றாண்டுகளில்தான்.

கேள்வி: திடல் முதலா, தேவாலயம் முதலா?

பதில்: ஊருக்கு ஊர் மாறும். நார்ஃபோக்கின் லாங்ஹாமில், உழுத வயல்களில் பொறுக்கிய பானையோடுகளை வரைபடத்தில் குறித்தார்கள். இடைச் சாக்சன் கால (ஏறத்தாழ 650–850) ஓடுகள் தேவாலயத்தருகே குவிந்தன. 12ஆம் நூற்றாண்டு ஓடுகள் மேய்ச்சல் திடலின் ஓரத்தில். சனங்கள் திடலோரம் பெயர்ந்துவிட, தேவாலயம் வயலுக்குள் தனித்து நின்றது. வடக்கே டர்ஹாமின் நீள்சதுரத் திடல்கள் வேறு கதை: இருபுறமும் ஒழுங்காக அளந்த மனைவரிசைகள். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னர் வில்லியமின் படை 1069–70இல் வடக்கைச் சூறையாடியபின் போட்டவை என்பார்கள். எல்லா ஊருக்கும் அதையே பொருத்துவது சோம்பல் என்பேன்.

கேள்வி: சந்தைக்காகவே விட்ட சதுக்கங்கள்?

பதில்: அவை பெரும்பாலும் பிந்தியவை. முன்பு தேவாலய வளாகத்திலேயே சந்தை கூடும்; 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் அதைத் தடுத்தது. சதுக்கத்தின் நடுவே தீவுபோல் கட்டடங்கள் நின்றால், நிலைத்துவிட்ட பழைய கடைத்தட்டிகளாக இருக்கலாம். அவற்றை நீக்கிவிட்டு, சுற்றியுள்ள மனைகளின் முகப்புக் கோட்டைப் பாருங்கள். பழைய சதுக்கத்தின் அளவு கிடைக்கும்.

கேள்வி: ஊரின் பழமையை அறியத் திடலையொட்டிய தோட்டத்தில் சோதனைக் குழி போடுவது எப்படி?

பதில்: பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடமென்றால் அனுமதியின்றித் தொடக்கூடாது. மற்ற இடத்தில் 1 மீட்டருக்கு 1 மீட்டர். புல்லை வெட்டியெடுத்து, 10 செ.மீ. அடுக்காக இறக்குங்கள். மண்ணை 10 மி.மீ. சல்லடையில் சலித்து, அடுக்குக்கு ஒரு பை போடுங்கள். 1.2 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள், பக்கச்சுவர் சரியும். களிமண் புகைக்குழாய்த் துண்டு அகப்பட்ட அடுக்கு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிந்தியது, அல்லது பின்னாளில் கலைந்தது. இப்ஸ்விச் நகரில் சுட்ட, சாம்பல்நிறக் கெட்டியான பானையோடு என்றால் ஏறத்தாழ 720–850. சோப்புபோல் வழுக்கும், கிளிஞ்சல் தூள் கலந்த செயின்ட் நியோட்ஸ் வகைப் பானையோடு 10ஆம் நூற்றாண்டையொட்டியது.

கேள்வி: ஓடு கிடைத்தாலே வீடு இருந்ததாக எடுக்கலாமா?

பதில்: கூடாது. விளிம்பு மழுங்கிய சின்னச் சில்லுகள் எருவோடு வயலுக்கு வந்தவையாக இருக்கலாம். விளிம்பு கூராக, பெரிதாகச் சில துண்டுகள் சேர்ந்து கிடைத்தால்தான் வீடு பக்கத்தில். மேற்கு இங்கிலாந்தில் பல இடங்களில் சாக்சன் காலத்தில் மட்பாண்டமே அரிது. அங்கே வெறும் குழியை வைத்து ஆளில்லை என்று எழுதிவிடாதீர்கள்.