மயில்மீன் சிக்காததற்கு வழக்கில்லை. படகு போகாததற்கு உண்டு

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் நானும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனரும், எங்கள் மகன்கள் இருவரும் அந்தமானில் ஆழ்கடல் தூண்டில் மீன்பிடிப்புக்குச் சென்றோம். ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு பயண முகவர் மூலம் 2024 டிசம்பர் 27, 28 ஆகிய இரு நாட்களுக்குத் தனிப்படகு பேசி, ரூ.1,40,000 முழுவதையும் முன்பே கட்டியிருந்தோம். துண்டறிக்கையில் ‘மயில்மீன் உறுதி’ என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் நாள் எட்டு மணி நேரம் என்று சொன்ன படகு மூன்றாவது மணியிலேயே இயந்திரம் பழுதாகிக் கரை திரும்பியது. மீன் ஒன்றும் சிக்கவில்லை. மறுநாள் வானிலை சரியில்லை என்று படகையே எடுக்கவில்லை. ஆனால் அதே காலையில் வேறு படகுகள் கடலுக்குப் போனதை நாங்கள் பார்த்தோம். பணத்தைக் கேட்டால், ‘தொகை திருப்பித் தரப்படாது, வழக்கு போர்ட் பிளேர் நீதிமன்றத்தில் மட்டுமே’ என்ற நிபந்தனைகளைக் காட்டுகிறார்கள். அவை பணம் கட்டிய பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவை. ரசீதில் பட்டறையின் ஜிஎஸ்டி எண் இருப்பதால் நான் நுகர்வோரே அல்ல என்கிறார் படகுக்காரர்; தாம் வெறும் இடைத்தரகர் என்கிறார் முகவர். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அந்தமானுக்குப் போக வேண்டியதில்லை. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, எதிர்த்தரப்பினர் தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கும் உரிமையை 34-ஆம் பிரிவில் சேர்த்தது. ஆகவே சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்குரிய இடம். சட்டம் தந்த இந்த உரிமையை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி பறித்துவிட முடியாது என்பது வலுவான வாதம். மேலும், சேலத்தில் தொழில் செய்யும் முகவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டால் எந்த ஊரில் வழக்கு என்ற எல்லை வரம்பு பற்றிய வாதமே பெரும்பாலும் எழாது. பணத்தைத் தம் கையால் வாங்கி ரசீது கொடுத்தவர் பிறகு இடைத்தரகர் என்று ஒதுங்குவது எளிதல்ல.

சிக்கலானது ஜிஎஸ்டி எண்தான். அதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் எது வணிக நோக்கம் என்பதை ரசீதில் உள்ள எண் தீர்மானிப்பதில்லை. லீலாவதி கீர்த்திலால் மேத்தா மருத்துவ அறக்கட்டளை வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், செவிலியர் தங்குவதற்காக மருத்துவமனை அறக்கட்டளை வாங்கிய குடியிருப்புகள் லாபம் ஈட்டும் நடவடிக்கையோடு நேரடித் தொடர்பில்லாதவை என்பதால், அந்த அறக்கட்டளையும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. மகன்களோடு தூண்டில் போடப் போனதற்கும் கொலுசு வியாபாரத்துக்கும் அந்த அளவு தொடர்பு கூட இல்லை. எனினும் உங்கள் தணிக்கையாளரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ரசீதின் மீது உள்ளீட்டு வரிச் சலுகை (இதில் கட்டிய ஜிஎஸ்டியைப் பட்டறை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கப்பட்டிருக்கிறதா, இது பட்டறைச் செலவாகக் கணக்கில் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் எதிர்த்தரப்பின் முதல் ஆயுதம் அதுவாகத்தான் இருக்கும்; புகாருக்கு முன்பே அதை முறைப்படி சரிசெய்துவிட வேண்டும்.

இனி, எதற்காக வழக்கு என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மீன் சிக்கவில்லை என்பது தனியாக நிற்கும் குறையல்ல. மேட்டூர் அணையில் தூண்டில் போடுபவருக்கே கெண்டை உறுதியில்லை. தோகை போன்ற முதுகுத் துடுப்போடு வேகமாக ஓடும் மயில்மீனுக்கு யார் பொறுப்பேற்க முடியும்? நீங்கள் விலைகொடுத்தது படகுக்கும், நேரத்துக்கும், மாலுமியின் திறமைக்கும்தான். ஆனாலும் துண்டறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். உறுதி தர முடியாததை உறுதி என்று அச்சிடுவது தவறான விளம்பரம் என்ற தனிக் குற்றச்சாட்டுக்கு அது ஆதாரம்.

இயந்திரப் பழுது தெளிவான சேவைக் குறைபாடு. எட்டு மணி நேரத்தில் கிடைக்காமல் போன ஐந்து மணி நேரத்துக்கு உரிய தொகையைக் கேளுங்கள். இரண்டாம் நாள் முழுவதுக்கும் உரிய ரூ.70,000 தனி. அன்று துறைமுக அதிகாரிகள் உண்மையிலேயே படகுகளைத் தடுத்திருந்தால், ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகி, 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வானிலை பற்றி ஒப்பந்தத்திலேயே நிபந்தனை இருந்தால் அதுவே செல்லும் என்று அவர்கள் சொல்லலாம். அந்த நிபந்தனை பணம் கட்டிய பிறகு வந்தது என்பதற்கான நாள், நேர விவரம் உங்கள் கைபேசியில் இருப்பதால் அது ஒப்பந்தத்தின் பகுதியே அல்ல என்பது உங்கள் பதிலாகும். தடையே இல்லாதிருந்தால் அவர்கள் நிலை இன்னும் மோசம். எனவே 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், டிசம்பர் 28 அன்று படகுகளுக்குத் தடை இருந்ததா என்றும், அந்தப் படகுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் இருந்ததா என்றும் அந்தமான் துறைமுக நிர்வாகத்திடம் இன்றே கேட்டுவிடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வழக்கின் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது என்பது என் கருத்து.

புகாருக்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள், அதாவது முதல் நாளின் பழுதையும் சேர்த்தால் 2026 டிசம்பர் 27 வரை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல், அவற்றின் அச்சுப் பிரதிகளோடு மின்னணுப் பதிவுகளை ஆதாரமாக ஏற்பதற்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளிலும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாளிலும் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் அவகாசம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டது. மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. அசல் கோரிக்கையின் நம்பகத்தன்மையை அது குறைத்துவிடும். உரிய தொகை, வட்டி, நியாயமான இழப்பீடு, செலவு ஆகியவை போதும். உத்தரவு வந்த பிறகும் பணம் தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும் என்பதால், எதிர்த்தரப்பு கடல் கடந்து இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

முதலில் இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்பி, பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கொடுங்கள். போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டிருப்பதால் முகவரியில் இரு பெயர்களையும் எழுதுங்கள். முகவரி சரியில்லை என்று அறிவிப்பு திரும்பி வந்தால் உங்களுக்குத்தான் கால விரயம்.