ஸ்பின் ஓடும்போது மட்டும் ஏன் இந்தச் சத்தம்? – வாஷிங் மெஷின் கேள்வி பதில்

கேள்வி: துவைக்கும்போது அமைதியாக ஓடுகிற ஃப்ரண்ட் லோட் மெஷின், பிழியும்போது தடதடவென்று ஆடி இடத்தைவிட்டே நகர்கிறது. ஏன்?

பதில்: துணி ஒரு பக்கமாகத் திரண்டுகொள்கிறது. துவைக்கையில் டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்றுதான். பிழியும்போது 1200 வரை போகும். மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி அரை கிலோ ஈரத்துணி கூடுதலாக இருந்தாலே போதும், அந்த வேகத்தில் சுமார் 200 கிலோ எடைக்குச் சமமான விசையில் டிரம்மை இழுக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்வாசியாகிவிடும். கனமான போர்வையைத் தனியாகப் போடாதீர்கள், கூடவே நாலைந்து துண்டுகள் சேருங்கள்.

கேள்வி: எங்களுடையது புத்தம் புதுசு. முதல் நாளே குதிக்கிறது!

பதில்: உடனே நிறுத்துங்கள். கொண்டுவரும் வழியில் டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் மாட்டிய டிரான்சிட் போல்ட் கழற்றாமல் இருக்கும். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள், வீடு மாறும்போது வேண்டும்.

கேள்வி: ஆட்டமே இல்லை. ஆனால் வேகம் ஏற ஏற விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல்.

பதில்: டிரம்மின் அச்சு உரசாமல் சுழல உதவும் பேரிங் மேல்தான் எனக்குச் சந்தேகம். பெரும்பாலும் முதலில் அதற்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் சீல் தேயும், தண்ணீர் உள்ளே கசியும், கிரீஸ் கழுவிப்போய் பேரிங் துருப்பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங்தான். டிரம் விளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். டிரம்மைச் சுற்றியுள்ள வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் லொடலொடத்தால் தேய்மானம் முற்றிவிட்டது, அல்லது டிரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினியச் சட்டம் அரித்து விரிசல் விட்டிருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள், அப்படியே ஓட்டினால் ஷாஃப்ட்டும் (டிரம்மின் அச்சு) கெடும். பேரிங்கோடு சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சில மாடல்களில் வெளித்தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கும், தொட்டியையே மாற்ற வேண்டிவரும். செலவை முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கிணுகிணு என்று ஏதோ உரசுகிறது.

பதில்: நாணயம், ஊக்கு, பட்டன். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மட்டும் கேட்டால் பம்ப் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: காலுக்கடியில் ரப்பர் வைத்தால் சரியாகுமா?

பதில்: நான் கடைசியாகத்தான் அதை யோசிப்பேன். முதலில் மெஷினின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் கால்களைத் திருகி மட்டம் பார்த்து, கால் மறுபடி தளராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்குங்கள். அதன்பிறகும் ஆடுகிறதென்றால், டிரம்மைக் கீழே அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.