பயம் வந்தாலே விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

சகோதரி, கணவருக்கு வேலை போய்விட்டது, அடுத்த மாதம் வீட்டுக்கடன் தவணை கட்ட வழியில்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை, சபையிலோ "கர்த்தர் பார்த்துக்கொள்வார், பயப்படுவது அவிசுவாசம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசிப் பேச்சை முதலில் தூக்கிப் போடுங்கள்.

வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார், அந்த நேரம் பார்த்து சொந்த ஊரான ஆனதோத்தில் நிலம் வாங்கு என்கிறார் கர்த்தர். அவரும் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி முத்திரை போட்டு, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார் (நம்ம ஊர் பத்திரப்பதிவு ஆபீஸ் தோற்றது). எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவதுதான். எல்லாம் முடித்துவிட்டு ஜெபிக்கும்போது, நகரமே கல்தேயர் (அதாவது பாபிலோனியர்) கைக்குப் போகிறதே, இப்போது போய் நிலம் வாங்கச் சொன்னீரே என்று கேட்டே விடுகிறார். அதற்காக அவருக்குத் திட்டு விழவில்லை, பதில்தான் வருகிறது. நகரமும் விழத்தான் செய்தது. ஜனங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதுதான் வாக்கு, நகரம் விழாது என்பதல்ல.

அதனால் தாராளமாக அழுது கேளுங்கள். தவணைத் தேதிக்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள், தவறின பிறகு போனால் அவர்கள் பேச்சே மாறிவிடும். சின்ன வேலை கிடைத்தாலும் கணவர் போகட்டும், அப்போஸ்தலன் பவுலே கூடாரத் தொழில் செய்தவர்தானே. தூக்கம் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அதையும் அவிசுவாசம் என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.