கோயில் யானைக்காகத் தெருவில் நிற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் யானையை நாள் முழுக்க சிமெண்ட் தரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். சங்கிலி உரசி காலில் புண். நண்பர்கள் சேர்ந்து வாசலில் பதாகையோடு நிற்கப் போகிறோம் என்றதும், "கூடினாலே கைதுதான்" என்கிறார்கள் காவல் நிலையத்தில். எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(பி) பிரிவு தருகிறது. இடம், நேரம் குறித்து போலீஸ் நிபந்தனை போடலாம். பொதுத்தெருவில் கூட்டமே கூடாது என்று ஒரேயடியாக மறுக்க முடியாது என்பதை 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், வழியை மறித்துக் காலவரையின்றி உட்காரும் உரிமை இல்லை; கோயிலுக்குள் போராடவும் இல்லை.

அதனால் எழுத்தில் மனு கொடுங்கள். சென்னை என்றால் 5 நாள் முன்பே கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களிலும் அப்படியே செய்வது நல்லது. இடம், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா என எல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இருந்தால் உயர் நீதிமன்றம் போகலாம். பழைய 144 தடை உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-வது பிரிவு. நியாயமான குறையைச் சொல்பவர்களை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 அனுராதா பசின் தீர்ப்பு.

கூடியவர்களைப் போலீஸ் பிடித்தாலும், பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு மாலையில் அனுப்பிவிடுவார்கள். முறையாகக் கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைப் பொழுது சாய்ந்த பின் கைது செய்ய, விதிவிலக்கான சூழல் இருக்க வேண்டும்.

சரி, யானைக்கு வருவோம். போராட்டம் ஒருநாள் செய்தி. சங்கிலியைக் கழற்றவைப்பது புகார்தான். குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது 1960 மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. ஆகவே அதை மட்டும் நம்பாமல், 2011 தமிழ்நாடு வளர்ப்பு யானை விதிகளைச் சுட்டி மாவட்ட வன அலுவலருக்கும் அறநிலையத் துறை இணை ஆணையருக்கும் எழுதுங்கள். யானையின் உரிமைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைப் பதிவு இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2021-ல் தேக்கம்பட்டியில் நடந்த கோயில் யானைகள் புத்துணர்வு முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர் யானையைப் பாகன்கள் அடித்தபோது, வீடியோ வெளியான பிறகே நடவடிக்கை வந்தது. நீங்களும் புண்ணை, சங்கிலியை, தரையைத் தேதியோடு படமெடுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

"காட்டில் விடு" என்று எழுதாதீர்கள். பழக்கிய யானை அங்கே பிழைப்பது கடினம். மண் தரை, நிழல், தினசரி நடை, கால்நடை மருத்துவர் என்று கேளுங்கள். முடியாதென்றால் திருச்சி எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையத்துக்கு மாற்றக் கோரலாம். பாகனைத் திட்டும் கோஷம் வேண்டாம். பறையும் மைக்கும் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம். கட்டிய யானை மிரண்டால் முதலில் அடிபடுவது பாகன்தான்.