ஒப்புக்குச் சப்பாணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 46 வயது. பள்ளி விட்டதும் தெருப் பையன்கள் எல்லோரும் பையை எறிந்துவிட்டு ஓடினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவோம். எங்கள் பிள்ளைப்பருவம் பொற்காலம். என் மகனுக்கு 11 வயது. எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான். நாங்கள் விளையாடிய ஒரு விளையாட்டுகூட அவனுக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்ததை அவனுக்கு எப்படிக் கொடுப்பது? இந்தத் தலைமுறைக்குப் பின்னால் நினைத்துப் பார்க்க ஏதாவது மிஞ்சுமா?

பி.கு.: விடுமுறைக்குத் தலைமைப் பண்பு வளர்க்கும் வகுப்பு ஒன்றில் சேர்த்திருக்கிறேன். போனிலிருந்து மீள அது உதவுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் கொஞ்ச நாளாக ஓர் எரிச்சல் சேர்ந்திருக்கிறது. ஒரு பந்துக்காக இரண்டு குழந்தைகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அடுத்து என்ன செய்யலாம் என்று அவை யோசிப்பதற்குள் இந்தப் பக்கம் ஓர் அம்மா, அந்தப் பக்கம் ஓர் அப்பா எழுந்து வந்துவிடுகிறார்கள். ‘சாரி சொல்லு.’ ‘அவனுக்கும் கொடு.’ சண்டை முடிந்தது. கூடவே விளையாட்டும் முடிந்தது.

முதலில் அந்தப் பொற்காலம். உங்கள் கடிதத்தில் ஓடுகிறவர்கள் எல்லோரும் பையன்கள் என்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கு அக்கா இருந்திருந்தால் அந்த நேரத்தில் எங்கே இருந்திருப்பார்? யாரோ ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பார். அப்புறம், திரும்பி வராத பிள்ளைகள். வசதிக்குக் குறைவில்லாத சார்லஸ் டார்வினுக்கே 10 பிள்ளைகளில் 3 பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். மகள் ஆனி 1851-இல் இறந்தபோது அவளுக்கு 10 வயது. அவ்வளவு பின்னால் போக வேண்டாம். உங்கள் மகன் வயதில் நீங்கள் இருந்தது 1990 வாக்கில். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 5 வயது நிறையாமல் உலகில் இறந்த குழந்தைகள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022-இல் அது 50 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. பிழைத்துக் கிடந்தவர்கள்தான் பிற்காலத்தில் உட்கார்ந்து பொற்காலம் என்று எழுதுகிறோம்.

‘இந்தத் தலைமுறை’ என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். 2024 கணக்கில்கூட ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது வேறு. உங்கள் வீட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

விளையாட்டுகள் அழிவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஐரோப்பிய ஓவியர் புரூகல் 1560-இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ ஓவியத்தில் 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்னென்னவோ விளையாடுகிறார்கள். அவற்றில் சில போயின, சில இன்னும் இருக்கின்றன. என் கண்ணில் படுவது வேறொன்று. அந்தப் படத்தில் பெரியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் தம்பி எனக்கு ஐந்து வயது இளையவன். அவனைக் கூட்டிக்கொண்டு போனால்தான் என்னை வெளியே விடுவார்கள். ஓடிப்பிடித்து விளையாடும்போது அவன் ஒப்புக்குச் சப்பாணி. அவனைத் தொட்டாலும் அவன் அவுட் இல்லை, அவன் யாரைத் தொட்டாலும் செல்லாது. ஒருநாள் அது அவனுக்குப் புரிந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். விளையாட்டு நின்றது. பெரிய பையன்கள் இருவர் ஓரமாகப் போய்ப் பேசினார்கள். ‘அழுகுணி’ என்று ஒருத்தி திட்டினாள். கடைசியில் புதுச் சட்டம் வந்தது: இவன் தொட்டால் செல்லும், ஆனால் இவன் பிடிக்க வரும்போது எல்லோரும் நொண்டியடித்துத்தான் ஓட வேண்டும். இந்த அறிவு எங்களில் யாருக்கும் தனியாகக் கிடையாது. விளையாட்டு நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பில் வந்தது. அம்மா அங்கே இருந்திருந்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், அவ்வளவுதான்.

குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே இதைத்தான் தரையில் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். சுவிட்சர்லாந்தில் கோலி விளையாடும் பிள்ளைகளிடம் விதிகளைக் கேட்டுக் கேட்டு, 1932-இல் எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, தொடக் கூடாதது. 10, 11 வயதை ஒட்டித்தான், நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று பிடிபடுகிறது. உங்கள் மகனுக்கு இப்போது அந்த வயது. எதை மாற்றிப் பார்க்க அவனை விட்டிருக்கிறீர்கள்?

போனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். இதைக் கேளுங்கள். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் 9 சதவீதம். மறுபடி படியுங்கள்: 1990. ஸ்மார்ட்போன் இல்லை, வீட்டில் இணையம் இல்லை. சாலையில் கார்கள் பெருகின, பெற்றோர் பயந்து பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சாலை விபத்தில் சாகும் பிள்ளைகள் குறைந்தபோது சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு மார்தட்டியது. சாலையில் பிள்ளைகளே இல்லையே என்றார் ஹில்மன். ஆகவே வாசலைச் சாத்தியது நாம். பிள்ளை உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் போன் வந்தது.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. வண்டிகள் பறக்கும் தெருவில் பிள்ளையைத் தனியாக விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. போனும் யோக்கியமான சாமான் இல்லை. ஆனால் அந்தத் திரைக்குள் அவன் நண்பர்களோடு விளையாடும்போது என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? கட்சி பிரிக்கிறான், கத்துகிறான், ஏமாற்றினான் என்று சண்டை போடுகிறான், ஐந்து நிமிடத்தில் ராசியாகிறான். அவன் நாளில் நீங்கள் இல்லாத ஒரே இடம் அதுதான் ஐயா. அதையும் பிடுங்கப் போகிறீர்கள். பதிலுக்கு என்ன தருவீர்கள்?

உங்கள் பிள்ளைப்பருவத்தை அவனுக்குக் கொடுக்க முடியாது. அவன் கேட்கவும் இல்லை. நீங்கள் கொஞ்சம் தள்ளி நிற்க முடியும். வண்டி வராத ஓர் இடம் பாருங்கள். பக்கத்து வீடுகளில் நாலு பெற்றோரிடம் பேசுங்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளாக இருக்கட்டும், ஒரு பொடியனாவது இருக்கட்டும். அவர்களை விட்டுவிட்டுக் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விடுங்கள். முதல் அரைமணி நேரம் போர் அடிக்கிறது என்பார்கள். அப்புறம் சண்டைச் சத்தம் கேட்கும். எழுந்து போகாதீர்கள். ரத்தம் என்று யாராவது ஓடி வந்தால் மட்டும் போங்கள். திரும்பி வந்ததும் என்ன விளையாடினாய், யார் ஜெயித்தது என்று விசாரணை வைக்காதீர்கள்.

அந்தத் தலைமைப் பண்பு வகுப்பில், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.