ஞாபகம் மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது?

ஒரே பகுதியில் இல்லை. எந்த வகை ஞாபகம் என்பதைப் பொறுத்து இடம் மாறும். இதைத் தெளிவாகக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர்.

கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட அவருக்கு 1953-ல், 27 வயதில், அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இரு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு பெரிய பாகத்தை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அப்புறம் நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்த் திரும்பினால், அவருக்குப் புது ஆள்தான். சிறுவயது நினைவுகளோ, பேச்சோ, புத்திக்கூர்மையோ போகவில்லை. அதாவது ஹிப்போகேம்பஸ் புதிய அனுபவத்தைப் பதியவைக்கிறது. பழைய நினைவுகள் மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் பரவிக் கிடக்கின்றன.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே நட்சத்திரம் வரைய வேண்டும். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம்தான் போகும். அவருக்கு மூன்றே நாளில் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் இதற்கு முன் செய்து பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை! மூளை அறிவியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

இப்படிப்பட்ட கைப்பழக்கம், சைக்கிள் ஓட்டுவது எல்லாம் சிறுமூளை, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா ஆகியவற்றின் பொறுப்பு. பயம் கலந்த நினைவுகளில் அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. சரி, ஒரு போன் நம்பரை டயல் செய்யும்வரை மனதில் பிடித்து வைக்கிறோமே, அது? அதற்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல் முக்கியம்.