இயந்திரத்தின் கணக்கு யாருக்குத் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவரின் தம்பி மாதத்தில் ஓரிரு தடவை கொழும்பில் உள்ள ஒரு கசினோவுக்குப் போய் வருகிறார். அங்குள்ள ஸ்லொட் இயந்திரங்கள் போட்ட பணத்தில் 92 வீதத்தைத் திருப்பிக் கொடுப்பவை என்றும், 10,000 ரூபா கொண்டு போனால் 800 ரூபாவுக்கு மேல் நட்டம் வராது என்றும் அடித்துச் சொல்கிறார். ஆனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார். அந்த வீதம் உண்மைதானா? அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை கசினோக்களுக்கு இல்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வீதம் உண்மையாக இருந்தாலும் உங்கள் மைத்துனரின் கணக்குப் பிழையானது. 92 வீதம் என்பது அவர் சட்டைப்பையில் கொண்டு போகும் பணத்துக்கு உரியதன்று. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் பந்தயமாகப் போகும் பணத்துக்கு உரியது. ஒரு தடவைக்கு 50 ரூபா என்று வைத்தால், 10,000 ரூபா 200 தடவையில் ஒரு சுற்று முடித்துச் சராசரியாக 9,200 ஆகிவிடும். அவர் அதோடு எழுந்து வந்தால் அவர் சொல்வது சரி. ஆனால் வென்ற பணத்தையும் திரும்பப் போடுகிறார் அல்லவா? அப்போது 9,200 ரூபா 8,464 ஆகும், அது 7,787 ஆகும்; இப்படிப் பத்துச் சுற்று முடியும்போது மிஞ்சுவது ஏறத்தாழ 4,344 ரூபா. நிமிடத்துக்குப் பத்துத் தடவை அழுத்துபவருக்கு இதற்கு இரண்டரை மணி நேரம்கூடத் தேவைப்படாது. இதுவும் சராசரிதான், அந்தச் சராசரிக்குள் எவருக்கோ விழுந்த பெரிய பரிசும் அடங்கியிருப்பதால், மற்றவர்களுக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. சுழலும் சக்கரத்தில் பந்து விழும் இலக்கத்துக்குப் பந்தயம் கட்டும் ரூலெட் மேசையில், ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்தின் 37 குழிகளையும் எவரும் எண்ணிப் பார்க்கலாம்; வென்ற இலக்கத்துக்குப் போட்ட பணத்தோடு மேலும் 35 மடங்கு கொடுக்கிறார்கள் என்றால், நிறுவனத்தின் பங்கு 2.7 வீதம் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையே கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஸ்லொட் இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. 1984இல் தெல்னஸ் (Inge Telnaes) என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறைக்குப் பிறகு, சின்னங்களோடு கண்முன்னே சுழலும் சில்லு வெறும் காட்சிப் பொருளாகிவிட்டது. சில்லில் 22 இடங்கள் தெரியும். உள்ளே கணனி 64 எண்களில் ஒன்றைத் தெரிவு செய்யும். பெரும் பரிசுச் சின்னத்துக்கு அவற்றில் ஓர் எண்ணை மட்டும் ஒதுக்கலாம். அப்படி மூன்று சில்லுகள் என்றால், 10,648இல் ஒன்று என்று கண்ணுக்குத் தோன்றும் வாய்ப்பு, உண்மையில் 262,144இல் ஒன்றாக இருக்கும். போதாததற்கு, அந்தச் சின்னத்துக்கு அடுத்துள்ள வெற்றிடங்களுக்குக் கூடுதலான எண்களை ஒதுக்கிவிட்டால், மயிரிழையில் தவறிவிட்டதே என்ற ஏக்கத்துக்கும் குறைவிருக்காது.

இவ்வளவும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்கும் கணக்குத் தாளில் இருக்கிறது. ஆகவே வீதம் எவருக்கும் தெரியாத மர்மமன்று. விளையாடுபவருக்கு மட்டும் தெரியாத ஒன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் தகவல் அறியும் சட்டத்தின் மூலமே சில தாள்களைப் பெற முடிந்தது. 2009இல் வெளியான அவர்களது கட்டுரையிலிருந்து, பெயரிலும் தோற்றத்திலும் ஒன்றேயான விளையாட்டு வெவ்வேறு வீதங்களில் விற்கப்படுவது தெரிய வந்தது. அருகருகே இரண்டு இயந்திரங்கள், ஒரே படம், ஒரே இசை. ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக விழுங்கலாம். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது: கடையில் ஒரே பக்கற்றில் இரண்டு நிறை அரிசியை விற்றால் நாம் சும்மா இருப்போமா?

வெளிப்படைத்தன்மை நாட்டுக்கு நாடு மாறுபடும். பிரித்தானியாவில் வீதத்தை இயந்திரத்திலேயே காட்ட வேண்டும். அமெரிக்காவின் நெவாடாவில் குறைந்தபட்சம் 75 வீதம், நியூ ஜெர்சியில் 83 வீதம் என்று விதி உண்டு. நெவாடா அதிகாரிகள் மாதந்தோறும் கணக்கு வெளியிடுகிறார்கள் என்றாலும், அது பிரதேச வாரியாகவும் பந்தயத் தொகை வாரியாகவும் தரப்படும் சராசரியே. குறிப்பிட்ட கசினோவின் குறிப்பிட்ட இயந்திரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அந்தக் கணக்குகளிலிருந்து ஒன்று மட்டும் தெளிவாகிறது: ஒரு சத இயந்திரங்கள், ஒரு டொலர் இயந்திரங்களைவிடக் கூடுதல் வீதத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. சின்னக் காசு என்று நம்பி அமர்பவருக்கே கூடுதல் அடி.

இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கசினோத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டமூலம் 2025இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பிரித்தானியாவைப் போல வீதத்தை இயந்திரத்திலேயே எழுதுவிக்க வேண்டும் என்பதை அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்பது பொதுமக்கள் செய்யக்கூடிய காரியமே. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது.

கேள்வி: நெடுநேரம் கொடுக்காமல் இருந்த இயந்திரம் இனிக் கட்டாயம் கொடுக்கும் என்கிறார்களே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கொடுக்காது என்றும் சொல்ல முடியாது, கொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வோர் அழுத்தலும் தனித்தனியே தீர்மானிக்கப்படுவதால், முந்திய நூறு தோல்விகள் இயந்திரத்துக்கு நினைவில் இல்லை. ஆனால் அது வெற்றி என்று கொண்டாடுவதையும் கொஞ்சம் கவனியுங்கள். 50 ரூபா பந்தயத்துக்கு 20 ரூபா விழுந்தாலும் விளக்குகள் மின்னும், இசை முழங்கும். 30 ரூபா போனது திரையின் மூலையில் உள்ள சிறிய மீதித் தொகையில் மட்டும்தான் தெரியும்.